எல், எம், எஸ், எக்ஸ்எல்... ஆன்லைன் கடையில் சைஸ் வரிசை ஏன் குழம்புது? சரி பண்றது எப்படி?

அப்பாவுக்கு பனியன் வாங்கலாம்னு போனைத் திறக்குறீங்க. அவரோட சைஸ் 95. பனியன் படத்துக்குக் கீழே சைஸ் பட்டன்கள் இருக்கு: 100, 105, 110, 75, 80, 85. திரையில் தெரிவது அவ்வளவுதான். பெரிய சைஸ் எல்லாம் முன்னாடியே முடிஞ்சு, அப்புறம் சின்ன சைஸ் வருது. "95 ஸ்டாக் இல்ல போல"ன்னு மூடிட்டு வேற கடைக்குப் போயிடுறீங்க.

ஆனா 95 இருந்தது. இன்னும் கொஞ்சம் விரலால் இழுத்திருந்தா கடைசி பட்டனா வந்திருக்கும்.

சொந்தமா வெப்சைட் வச்சுத் துணி விற்கும் சின்னக் கடைகள் பலவற்றில் இந்தக் குழப்பத்தைப் பார்க்கலாம். சட்டை என்றால் எல், எம், எஸ், எக்ஸ்எல் என்று வரும். செருப்பு என்றால் 10, 11, 6, 7 என்று வரும். கடைக்காரருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. இந்த வரிசையை அவர் போடவே இல்லை. பின்னே யார் போட்டது? இதனால் யாருக்கு நஷ்டம்? எப்படிச் சரி பண்றது? பார்ப்போம்.

கம்ப்யூட்டருக்கு 'பெரிசு' தெரியாது

எஸ் என்றால் சின்னது, எம் என்றால் நடுத்தரம், எல் என்றால் பெரியது என்பது நமக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை வெறும் எழுத்துகள். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் அதனுள்ளே ஒரு நம்பர் இருக்கு. எல்லுக்கு 76, எம்முக்கு 77, எஸ்ஸுக்கு 83, எக்ஸுக்கு 88. 'வரிசைப்படுத்து' என்று சொன்னால் சின்ன நம்பரை முன்னால் வைத்துக்கொண்டே போகும். அதனால் எல், எம், எஸ்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. லார்ஜ், மீடியம், ஸ்மால் என்பது அகர வரிசையில் அப்படியே தலைகீழாக விழுது. மூன்று சைஸ் மட்டும் விற்கிற கடையில் பெரிசுல இருந்து சின்னதுக்கு வேணும்னே அடுக்கின மாதிரியே தெரியும். யாரும் தப்பு கண்டுபிடிக்க மாட்டாங்க. எக்ஸ் சைஸ்கள் வந்து சேர்ந்ததும்தான் குட்டு உடையும்.

எக்ஸில் தொடங்கும் எல்லாமே கடைசிக்குப் போகும். அவற்றுக்குள் யார் முன்னால் என்பதை இரண்டாவது எழுத்து முடிவு பண்ணும். ஆக மொத்த வரிசை: எல், எம், எஸ், எக்ஸ்எல், எக்ஸ்எஸ், எக்ஸ்எக்ஸ்எல். இருப்பதிலேயே சின்ன சைஸான எக்ஸ்எஸ், இரண்டு பெரிய சைஸ்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கு.

டபுள் எக்ஸ்எல்லை இரண்டு எக்ஸ் போட்டு எழுதாமல் 2எக்ஸ்எல் என்று எழுதினால் கதை இன்னும் மாறும். 2 என்ற எண்ணுக்கு உள்ளே இருக்கும் நம்பர் 50. எழுத்துகளை விடக் குறைவு. அதனால் 2எக்ஸ்எல், 3எக்ஸ்எல் இரண்டும் எல்லுக்கும் முன்னால், வரிசையின் தலையில் வந்து நிற்கும். யாராவது அவசரத்தில் எக்ஸ்எல்லை ஸ்மால் லெட்டரில் டைப் பண்ணியிருந்தால், பல சாஃப்ட்வேர்களில் அது எல்லாவற்றுக்கும் கடைசியில் போய் விழும். ஸ்மால் லெட்டர்களின் நம்பர்கள் கேப்பிட்டலை விடப் பெரியவை.

தமிழ் படிச்ச ஆளு என்பதால் இதை நம்ம எழுத்தில் போட்டுப் பார்த்தேன். சிறியது, நடுத்தரம், பெரியது. ச, ந, ப என்று அகராதி வரிசையிலேயே சரியாக வருது! எக்ஸ்எல்லுக்கு 'மிகப் பெரியது' என்று சேர்த்தேன். ம கடைசி, அதுவும் சரி. அடடா என்று நினைத்து எக்ஸ்எஸ்ஸுக்கு 'மிகச் சிறியது' என்று சேர்த்தால், அது பெரியதுக்கும் மிகப் பெரியதுக்கும் நடுவில் போய் நிற்குது. எந்த மொழியாக இருந்தாலும் எழுத்து வரிசையும் அளவு வரிசையும் ஒத்துப்போவது தற்செயல்தான்.

நம்பர் போட்டா சரியாயிடுமா?

பாதி சரியாகும். பேன்ட் இடுப்பளவு 28, 30, 32, 34 என்று போகும். எல்லாமே இரண்டு இலக்கம். எழுத்தாகப் படித்தாலும் எண்ணாகப் படித்தாலும் ஒரே வரிசைதான். பேன்ட் மட்டும் விற்கிறவருக்கு இந்தப் பிரச்னை இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் ஓடும்.

பனியன், ஜட்டிதான் மாட்டிக்கொள்ளும். அவை மார்பு அல்லது இடுப்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் போடுகிறவை. 75-ல் ஆரம்பித்து ஐந்து ஐந்தாகக் கூடி 100-ஐத் தாண்டும். அங்கே மூன்றாவது இலக்கம் நுழையுது. கம்ப்யூட்டர் 100-ஐ நூறு என்று படிக்காமல் 'ஒன்று, சைபர், சைபர்' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும். முதல் எழுத்து 1. அது 7-க்கு முன்னாடி. அதனால் 100, 105, 110 முடிந்த பிறகுதான் 75. திருப்பூரிலிருந்து நேரடியாக பனியன் விற்கத் தொடங்குகிறவர்கள் வெப்சைட் போட்ட முதல் நாளே சந்திக்கக்கூடிய சிக்கல் இது.

சரி, 'எண்ணை எண்ணாகப் படி' என்று செட்டிங் மாற்றினால்? பனியன் சரியாகிவிடும். பெரியவர்கள் செருப்பும் சரியாகும். குழந்தைகள் பக்கம் போனால் மறுபடியும் மாட்டும்.

கைக்குழந்தை ஆடைகளில் 0-3 மாதம், 3-6 மாதம், 6-12 மாதம், அப்புறம் 1-2 வயது என்று போகும். எண்ணாகப் படித்தால் 1-2 வயது என்பது 0-3 மாதத்துக்கு அடுத்தே வந்துவிடும். மாதம் எது, வருஷம் எது என்று அதற்குத் தெரியாதே.

ஷூ இன்னும் மோசம். இங்கே பரவலாக இருக்கும் யூகே சைஸ் முறையில் குழந்தைகள் சைஸ் 10, 11, 12, 13 வரை போய், அதற்கு அடுத்த பெரிய சைஸ் மறுபடியும் 1 என்று தொடங்கும். 13-க்கு அடுத்தது 1! குழந்தை சைஸ் 5-ம் பெரியவங்க சைஸ் 5-ம் ஒண்ணு இல்ல. எந்தத் தானியங்கி முறையாலும் இதைப் புரிந்துகொண்டு அடுக்க முடியாது. கையால் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

எக்செல் செய்யும் கூத்து

நிறையப் பேர் சரக்கு விவரத்தை எக்செலில் அடித்துத்தான் வெப்சைட்டில் ஏற்றுகிறார்கள். அங்கே வயசு 2-3 என்று அடித்துப் பாருங்க. நாளை முன்னால் எழுதும் இந்திய செட்டிங்கில் எக்செல் அதை மார்ச் 2-ஆம் தேதி என்று எடுத்துக்கொள்ளும். 4-5 என்றால் மே 4. 10-11 என்றால் நவம்பர் 10. ஒரு குழந்தைகள் ஆடைக் கடையில் சைஸ் இருக்க வேண்டிய இடத்தில் '02-மார்ச்', '04-மே' என்று பட்டன்கள் இருந்ததை நானே பார்த்திருக்கேன். குழந்தையோட பிறந்தநாள் கேட்கிறாங்களோன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்.

தேதியாக மாறிய பிறகு அதன் ஃபார்மேட்டை 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் பழைய 2-3 திரும்ப வராது; ஐந்து இலக்கத்தில் சம்பந்தமில்லாத ஒரு எண் வரும். டைப் பண்ணுவதற்கு முன்னாடியே அந்தக் காலம் முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடணும். இல்லையா, '2-3 வயது' என்று வார்த்தையோடு சேர்த்து எழுதுங்க. எக்செல் கைவைக்காது, வாங்குறவருக்கும் புரியும்.

வரிசைதானே, இதுக்கு ஏன் இவ்வளவு?

இந்தக் கேள்வி நியாயமானது. சட்டை நல்லா இருந்தா வாங்கப்போறாங்க, பட்டன் எங்கே இருந்தா என்ன? விஷயம் எங்கே இருக்குன்னா, எம் என்றால் எத்தனை இன்ச் என்று கேட்டுப் பாருங்க. ஒரே பதில் கிடைக்காது. ஒரு பிராண்டின் எம் இன்னொரு பிராண்டின் எல். இந்தியர்களின் உடல்வாகுக்கு ஏற்ற சைஸ் அட்டவணை வேண்டும் என்று மத்திய ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் நிறுவனமும் 'இந்தியாசைஸ்' என்ற சர்வேயை அறிவித்ததே 2018-ல்தான். 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை 3டி ஸ்கேனர் மூலம் அளப்பது திட்டம். தேர்ந்தெடுத்த ஆறு நகரங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். சென்னை அதில் இல்லை.

அமெரிக்கா இதை ரொம்ப முன்னாடியே செய்து பார்த்துவிட்டது. 1939-40-ல் கிட்டத்தட்ட 15,000 பெண்களை அளந்து, 1941-ல் விவரங்களை வெளியிட்டார்கள். 1958-ல் அதை அடிப்படையாக வைத்து ஒரு தர அளவு வந்தது. கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்கு விலகிப் போக, 1983-ல் அதையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

ஆக எம் என்ற எழுத்துக்கு நிலையான அளவு எதுவும் இல்லை. எஸ்ஸை விடப் பெரிசு, எல்லை விடச் சின்னது. அவ்வளவுதான் அது சொல்லும் செய்தி. அந்தச் செய்தி இருப்பதே வரிசையில்தான். வரிசையைக் கலைத்துவிட்டால், வாங்குகிறவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே தகவலும் போயிடும்.

இதை போனில் யோசிங்க. நாம யாரும் பட்டனில் இருக்கும் எழுத்தைப் படித்துப் படித்து அழுத்துவதில்லை. 'எம் முடிஞ்சு அடுத்தது எல்' என்று இடத்தைப் பார்த்துத்தான் கட்டைவிரல் போகுது. எக்ஸ்எல் வேண்டும் என்பவர் பழக்கத்தில் வரிசையின் கடைசிக்கு முந்தையதை அழுத்தினால், மேலே சொன்ன எழுத்து வரிசையில் அது எக்ஸ்எஸ். சில கடைகளில் பக்கம் திறந்ததுமே வரிசையின் முதல் சைஸ் தானாகவே தேர்வாகி இருக்கும். பனியன் பக்கத்தில் அந்த முதல் சைஸ் 100 என்றால், கவனிக்காமல் ஆர்டர் போடுகிற எல்லாருக்கும் 100 போய்ச் சேரும்.

பார்சல் போன பிறகு நஷ்டம் இரண்டு பக்கமும். வாங்கினவருக்கு விசேஷ நாளில் போட சட்டை இல்லை. விற்றவருக்குப் போகவும் கூரியர் காசு, வரவும் கூரியர் காசு, பிரித்த பாக்கெட்டை மறுபடி மடித்துப் போடும் வேலை. கேஷ் ஆன் டெலிவரியாக இருந்தால் கையில் காசும் வந்திருக்காது. 200 ரூபாய் பனியனில் இதையெல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும்?

சட்டம் உதவுமா என்றால், ஓரளவுக்கு. 2020-ன் இ-காமர்ஸ் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. நீங்க தேர்வு பண்ணின சைஸே வந்திருந்தால் அந்த விதியைக் காட்டிக் கேட்பது கஷ்டம். அப்போ கடையின் சொந்த ரிட்டர்ன் பாலிசி என்ன சொல்லுதோ அதுதான்.

கடைக்காரர் என்ன பண்ணணும்?

தீர்வின் அடிப்படை ரொம்ப எளிது. சைஸின் பெயர் வேறு, அதன் வரிசை எண் வேறு. இரண்டையும் பிரிச்சுடுங்க. எக்ஸ்எஸ்ஸுக்கு 10, எஸ்ஸுக்கு 20, எம்முக்கு 30, எல்லுக்கு 40 என்று தனியாக ஒரு வரிசை எண் கொடுத்து, அதை வைத்து அடுக்கச் சொல்லுங்க. வாங்குறவர் கண்ணுக்கு அந்த எண் தெரியாது. பத்துப் பத்தாகப் போகச் சொல்வதற்குக் காரணம், நாளைக்கு நடுவில் ஒரு புது சைஸ் வந்தால் எல்லா எண்ணையும் மாற்றாமல் 35 என்று செருகிவிடலாம். ஃப்ரீ சைஸுக்கு 900 மாதிரி பெரிய எண் கொடுத்தால் எப்பவும் கடைசியில் இருக்கும்.

வூகாமர்ஸில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கு. புராடக்ட்ஸ் மெனுவில் அட்ரிபியூட்ஸ் போய், சைஸ் என்பதை எடிட் பண்ணினால் 'டிஃபால்ட் சார்ட் ஆர்டர்' என்று இருக்கும். அது 'நேம்' என்று இருந்தால் எழுத்து வரிசைதான் வரும். 'கஸ்டம் ஆர்டரிங்' என்று மாற்றிவிட்டு, 'கான்ஃபிகர் டேர்ம்ஸ்' பக்கத்தில் சைஸ்களை மவுஸால் இழுத்து அடுக்குங்க. ஒருமுறை செய்தால் அந்த அட்ரிபியூட்டைப் பயன்படுத்தும் எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். 'நேம் நியூமரிக்' என்ற தேர்வு பனியனுக்குப் போதும், சட்டைக்கு உதவாது. ஷாப்பிஃபையில் பொருளின் பக்கத்திலேயே வேரியன்ட்ஸ் பகுதியில் சைஸ் ஆப்ஷனைத் திறந்து, மதிப்புகளைப் பிடித்து இழுத்து இடம் மாற்றலாம்.

எக்செலில் அடுக்குகிறவர்கள் சார்ட் பண்ணும்போது ஆர்டர் என்ற இடத்தில் 'கஸ்டம் லிஸ்ட்' தேர்வு செய்து, எக்ஸ்எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை வரிசையை ஒருதடவை எழுதிக் கொடுத்தால் போதும். கூகுள் ஷீட்டில் என்றால் பக்கத்தில் ஒரு காலம் போட்டு மேலே சொன்ன 10, 20, 30-ஐ எழுதி, அந்தக் காலத்தை வைத்துச் சார்ட் பண்ணுங்க. பெரிய மார்க்கெட் பிளேஸ்களில் விற்கிறவர்களுக்கு வரிசை பெரும்பாலும் அவர்கள் கையில் இருக்காது. கொடுத்திருக்கும் பட்டியலில் இருந்து சைஸைத் தேர்வு பண்ணணும், அவ்வளவுதான்.

சிலர் குறுக்கு வழி பிடிப்பாங்க. '1-எஸ்', '2-எம்' என்று பெயரிலேயே எண் சேர்ப்பது, 75-ஐ '075' என்று எழுதுவது. வரிசை சரியாகத்தான் வரும். ஆனா அந்தப் பெயர் பில்லிலும் பேக்கிங் ஸ்லிப்பிலும் அப்படியே அச்சாகும். '2-எம்' என்பதைப் பார்த்து இரண்டு பீஸ் எம் போட்டு அனுப்பினால் பேக்கிங் பண்ற தம்பி மேல தப்பு சொல்ல முடியாது.

ஒரே சைஸுக்கு ஒரே பெயர் என்பதும் முக்கியம். பாதிப் பொருளுக்கு எக்ஸ்எக்ஸ்எல், மீதிக்கு 2எக்ஸ்எல் என்று இருந்தால், ஃபில்டரில் இரண்டும் தனித்தனி சைஸாக நிற்கும். ஒன்றை டிக் பண்ணினவருக்கு மற்றதில் இருக்கும் சட்டைகள் தெரியவே தெரியாது. எது வேண்டுமோ முடிவு பண்ணிட்டு அதையே எல்லா இடத்திலும் வையுங்க. என்னைக் கேட்டால் 2எக்ஸ்எல், 3எக்ஸ்எல்தான். எத்தனை எக்ஸ் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஜீன்ஸுக்கு இடுப்பு, நீளம் என்று இரண்டு அளவு. பிராவுக்குச் சுற்றளவு, கப் என்று இரண்டு. இவற்றை 32-30, 32-32, 34-30 என்று ஒரே நீண்ட வரிசையில் கொட்டாமல், இரண்டு தனி ஆப்ஷனாக வைப்பது நல்லது. கப் சைஸில் ஒரு சின்னப் பொறி உண்டு: டபுள் ஏ என்பது ஏ-வை விடச் சின்னது. எழுத்து வரிசை அதை ஏ-க்குப் பின்னால் போட்டுவிடும்.

ஸ்டாக் தீர்ந்த சைஸை என்ன பண்றது? சில கடைகள் எடுத்துவிடும். எனக்கு அது சரியாகப் படலை. எம் காணாமல் போனால் எஸ்ஸுக்குப் பக்கத்தில் எல் வந்து உட்கார்ந்துவிடும், கட்டைவிரல் பழைய ஞாபகத்தில் போகும். அந்த இடத்திலேயே மங்கலாக்கி, மேலே ஒரு கோடு போட்டு வைத்தால் போதும். அதிகம் விற்கும் சைஸை முன்னால் வைக்கிறேன் என்று கிளம்பினாலும் இதே குழப்பம்தான் வரும்.

வாங்குறவங்க கவனிக்க வேண்டியது

வரிசை குழம்பியிருக்கும் கடை என்று தெரிந்தால், பணம் கட்டுவதற்கு முன் கார்ட்டில் சைஸை எழுத்துக்கூட்டிப் படிங்க. வேண்டிய சைஸ் இல்லை என்று முடிவு பண்ணும் முன் பட்டன்களைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க. ஃபில்டரில் டபுள் எக்ஸ்எல் இரண்டு பெயரில் இருந்தால் இரண்டையும் டிக் பண்ணுங்க.

எழுத்தை நம்பாமல் அளவை நம்புவது இன்னும் நல்லது. உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப் வைத்து அளந்து இரண்டால் பெருக்குங்க. அதை சைஸ் சார்ட்டோடு ஒப்பிடுங்க. ஆனா அந்த சார்ட் சொல்வது உங்க உடம்பு அளவா, தைத்த சட்டையின் அளவா என்று பார்த்துக்கோங்க. சட்டை எப்பவும் உடம்பை விடச் சில இன்ச் லூஸாகத்தான் தைக்கப்படும். இரண்டையும் குழப்பினால் ஒரு சைஸ் தவறும்.

சரி பண்ணும்போது ஒரு எச்சரிக்கை

வரிசை தப்பாக இருக்கு என்று பழைய சைஸ்களை டெலிட் பண்ணிட்டுப் புதுசாகச் சரியான வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒவ்வொரு சைஸோடும் ஸ்டாக் எண்ணிக்கை, விலை, எஸ்கேயூ கோடு எல்லாம் கட்டப்பட்டிருக்கும். டெலிட் பண்ணினால் அவையும் சேர்ந்து போயிடலாம். இடத்தை மட்டும் மாற்றுங்க. அதற்கும் முன்னால் எல்லாப் பொருளையும் ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணி எடுத்து வைங்க.

மாற்றின பிறகு பழைய வரிசையே தெரிந்தால் பதற வேண்டாம், கேஷை கிளியர் பண்ணிட்டுப் பாருங்க. பொருளின் பக்கத்தில் சரியாகி, பக்கவாட்டு ஃபில்டரில் மட்டும் எல், எம், எஸ் என்றே நிற்கலாம். பல தீம்களில் ஃபில்டருக்கு வரிசை செட்டிங் தனி. கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்தியடையாமல், கடையில் இருப்பதிலேயே சின்னத் திரை உள்ள போனை வாங்கி, பனியன் பக்கத்தைத் திறந்து, 95 எத்தனாவது இடத்தில் வருதுன்னு பாருங்க.